நந்தன் கொடுத்த தோல்

 

இந்த நினைவுச் சொற்பொழிவில் எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று மன்றத்தார் தொலைபேசியில் கேட்டார்கள். செத்த மாட்டைப் பற்றி என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அழைப்பிதழில் எப்படிப் போடுவது?" என்றார்கள். நியாயமான கேள்விதான். நந்தன் பெயரைப் போடுங்கள், அவர் வழியாக மாட்டுக்கு வந்துவிடலாம் என்றேன்.

நாம் மாட்டிறைச்சி பற்றி எழுதியிருக்கிறோம், பறை பற்றி எழுதியிருக்கிறோம், செத்த மாடு தூக்க வைத்த இழிவைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறோம். ஆனால் செத்த மாட்டுக்கும் கட்டிய பறைக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. உரிப்பது, வழிப்பது, காயவைப்பது, பதனிடுவது, அறுப்பது, தைப்பது. வரலாற்று நூல்கள் இதையெல்லாம் 'தோல் தொழில்' என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுகின்றன. நம்முடைய எழுத்திலும் அந்த இடம் பெரும்பாலும் வெற்றிடம்தான். அந்த வேலையில் இருந்த அறிவையும், பிறகு நம் மக்கள் அந்த வேலையை மறுத்ததையும் ஒரே வரலாறாகச் சொல்ல முடியுமா என்று பார்ப்பதுதான் இன்றைய முயற்சி.

சேக்கிழாரிடமிருந்து தொடங்குகிறேன். 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதை வருகிறது. ஊர் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஆதனூர். கதையைச் சொல்வதற்கு முன் சேக்கிழார் சேரியைக் காட்டுகிறார். குடிசை முற்றங்களில் வார்கள் கிடக்கின்றன, அவற்றுக்கு நடுவே கோழிக்குஞ்சுகள் திரிகின்றன. மருத மர நிழலில் உழத்தி ஒருத்தி தன் பிள்ளையைச் சிறிய தோல் ஒன்றின்மேல் கிடத்தித் தூங்க வைக்கிறாள். மாமரக் கிளைகளில் பறைகள் தொங்குகின்றன. பக்தி இலக்கியத்தில் உழைக்கும் மக்களின் குடியிருப்பு ஒன்று இவ்வளவு விவரமாக வருவது அபூர்வம். அந்தப் பெண் உழத்தி என்பதைக் கவனியுங்கள். வயலில் வேலை செய்தவர்களும் தோலில் வேலை செய்தவர்களும் அங்கே ஒரே மக்கள்.

நந்தன் அங்கே என்ன செய்கிறார்? ஊர் விட்டிருந்த பறைத்துடவை, அதாவது பறைத் தொழிலுக்கு மானியமாக விடப்பட்ட நிலம், அதை வைத்துப் பிழைக்கிறார். சிவன் கோயில்களுக்குப் பொருள் தருகிறார். சேக்கிழார் அதைப் பட்டியலாகவே தருகிறார்: பேரிகை போன்ற முழவுகளுக்குப் போர்த்தும் தோல், அதை இழுத்துக் கட்டும் வார், வீணைக்கும் யாழுக்கும் வேண்டிய நரம்பு, அருச்சனைக்குக் கோரோசனை. நான்கும் மாட்டின் உடம்பிலிருந்து வருபவை. கோரோசனை மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல். எல்லா மாட்டிலும் அது இருக்காது. மாட்டை அறுத்து, ஈரலை ஒட்டிய பையைக் கையால் தடவிப் பார்ப்பவருக்குத்தான் அது அகப்படும். நம் வீடுகளிலும் நம்மைத் தீட்டென்று சொன்ன வீடுகளிலும் கைக்குழந்தைக்குச் சளி என்றால் தாய்ப்பாலில் உரசிப் புகட்டினார்களே, அதே கோரோசனைதான். அது எங்கிருந்து வந்தது என்று எந்தப் பாட்டியும் கேட்டதில்லை.

பறையும் பேரிகையும் கருவறைக்குப் பக்கத்தில் முழங்கின. நரம்பு வீணையில் ஏறியது. கோரோசனை சாமிமேலேயே சாத்தப்பட்டது. கொடுத்தவர் வெளியே நின்றார். திருப்புன்கூரில் வாசலில் நின்றே பார்ப்பதற்காக நந்தி விலகியது என்கிறது புராணம். கல்லால் ஆன மாடு விலகியதே தவிர, மனிதர்கள் யாரும் விலகவில்லை. தில்லையில் அவர் உள்ளே போவதற்கு நெருப்பில் இறங்கி வேறு உடம்போடு எழ வேண்டியிருந்தது. மாட்டின் தோல் அப்படியே உள்ளே போயிற்று, நந்தனின் தோல் எரிந்த பிறகுதான் போக முடிந்தது. பொருளைச் சுத்தமாக்கிக்கொண்டு அழுக்கைச் செய்தவர்மேல் தள்ளிவிடும் இந்த ஏற்பாட்டைச் சேக்கிழார் கண்டிக்கவில்லை. ஆனால் மறைக்கவும் இல்லை.

பின்னால் வந்தவர்கள் மறைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைதான் இன்று பலருக்கும் தெரிந்த நந்தன் கதை. அதில் நந்தன் ஒரு வேதியரின் பண்ணையாள். மானிய நிலமும் இல்லை, தோலும் நரம்பும் கொடுத்த கைத்தொழிலும் கதையின் மையத்தில் இல்லை. ஆண்டையிடம் ஒருநாள் விடுப்புக் கேட்டுக் கெஞ்சும் ஆளாக அவர் மாறிவிட்டார். அதே நூற்றாண்டில் பிறந்த அயோத்திதாசப் பண்டிதர் நேர் எதிராகப் போனார். அவருடைய 'இந்திரர் தேச சரித்திர'த்தில் நந்தன் ஓர் அரசன். பூர்வ பௌத்தர்களின் மேல் பிற்காலத்தில் ஒட்டப்பட்ட அடையாளங்களைக் கிழித்தெறிய வேண்டிய தேவை பண்டிதருக்கு இருந்தது. தோல் அந்த அடையாளங்களில் ஒன்று. அவருடைய காலத்தில் நின்று பார்த்தால் அது சரியான அரசியல். ஆனால் பண்ணையாள் நந்தனுக்கும் அரசன் நந்தனுக்கும் நடுவில், வேலை தெரிந்த நந்தன் காணாமல் போய்விட்டார். அவரைத் தேடித்தான் நான் வந்திருக்கிறேன்.

இன்னும் பின்னே போனால் சங்கப் பாட்டுகளிலும் அவர் இருக்கிறார். புறநானூற்றின் 82ஆம் பாட்டு சாத்தந்தையார் பாடியது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர் வேகத்துக்கு அவர் ஓர் உவமை தேடுகிறார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி, மழை கொட்டுகிறது, பொழுது சாய்கிறது. இவ்வளவு அவசரத்துக்கு நடுவே ஒருவன் வாரைக் கோத்துக் கட்டில் பின்னுகிறான். அவன் கையிலுள்ள ஊசியைப் போல அரசன் விரைந்தான் என்கிறார் புலவர். உலக இலக்கியத்தில் ஒரு தோல் தொழிலாளியின் கை வேகத்துக்குக் கிடைத்த மிக உயர்ந்த பாராட்டுகளில் இதுவும் ஒன்றாக இருக்கும். அந்தப் பாட்டு அவனை அழைக்கும் சொல் இழிசினன். பாராட்டும் இழிவும் ஒரே மூச்சில் வருகின்றன. 288ஆம் பாட்டில் இன்னொரு செய்தி: இரண்டு காளைகளை மோதவிட்டு, வென்ற காளையின் தோலை மயிர் சீவாமல் போர்த்திய வீரமுரசு. எந்தத் தோல் முரசுக்கு ஆகும், மயிரை வைப்பதா எடுப்பதா என்பதெல்லாம் அன்றைக்கே ஒருவர் கணித்து முடிவு செய்யும் விஷயமாக இருந்திருக்கிறது. முரசைப் பாடியவரின் பெயர் இருக்கிறது, போர்த்தியவரின் பெயர் இல்லை.

இனி மாட்டுக்கு வருவோம். இங்கே முகம் சுளிப்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் வெயிலுக்கு மாடு செத்த சில மணி நேரத்தில் வயிறு உப்பிவிடும். அதற்குமுன் உரித்தாக வேண்டும். தொண்டையிலிருந்து வால் அடிவரை வயிற்றுப் பக்கம் ஒரு கீறல், நான்கு காலின் உட்புறம் நான்கு கீறல். அதற்கு மேல் கத்திக்கு அதிக வேலை கொடுக்கக் கூடாது. தோலுக்கும் சதைக்கும் நடுவே முஷ்டியைக் கொடுத்துத் தள்ளித்தான் பிரிக்க வேண்டும். கத்தி ஓர் இடத்தில் இறங்கினால் செருப்புக்கு அந்த இடம் மட்டும் வீண், பறைக்கு முழுத் தோலும் வீண். முதுகுப் பக்கம் தடிப்பு, அது செருப்பின் அடித்தோலுக்கும் வாருக்கும். வயிற்றுப் பக்கம் மெலிந்து தொய்வாக இருக்கும். கன்றின் தோல் மெல்லியது, ஓசை கூர்மையாக வரும், அதனால் பறைக்கு அதைத் தேடுவார்கள்.

இதில் மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. பறைக்குப் போவது பச்சைத் தோல், செருப்புக்குப் போவது பதனிட்ட தோல். இரண்டும் இரண்டு தொழில்நுட்பம். பறைத் தோலை மயிரும் சவ்வும் நீக்கி, முளையடித்து விறைப்பாக இழுத்துக் காயவைப்பார்கள். வட்டச் சட்டத்தின்மேல் புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையால் ஒட்டி, வாரால் இழுத்துக் கட்டுவார்கள். அது பதனிடாத தோல் என்பதால்தான் மழை ஈரத்தில் தொய்கிறது, தீயில் காட்டினால் விறைத்து ஓசை திரும்புகிறது. பதனிட்ட தோலைப் பறையில் கட்டினால் மொத்தையான சத்தம்தான் வரும். பறையைக் காய்ச்சுவதைச் சடங்கு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சடங்கு அல்ல, சுருதி சேர்ப்பது.

பதனிடும் வேலை வேறு. சுண்ணாம்புக் குழியில் நாள் கணக்கில் ஊறவைத்து மயிரை வழிக்க வேண்டும். ஒட்டிய சதையைச் சுரண்ட வேண்டும். சுண்ணாம்பைக் கழுவி எடுத்துவிட்டு ஆவாரம்பட்டைச் சாற்றில் போட வேண்டும். பட்டையிலுள்ள துவர்ப்பு தோலின் நார்களோடு பிணைந்துகொள்கிறது, அதன்பிறகு தோல் அழுகாது. கடுக்காய் நீரில் நனைத்து, எண்ணெய் தடவி, உலர்த்தினால் வேலை முடிந்தது. சுண்ணாம்பு ஒருநாள் கூடினால் தோல் நைந்துவிடும், பட்டைச் சாறு எடுத்தவுடனே கெட்டியாக இருந்தால் வெளிப்புறம் மட்டும் இறுகி உள்ளே பச்சையாக நின்றுவிடும். இதை நாக்கில் வைத்தும் விரலால் அழுத்தியும் கண்டுபிடித்தார்கள். வேதியியல் என்று இன்று சொல்லும் துறையை நம் மக்கள் எழுத்தில்லாமல் நடத்திக்கொண்டிருந்தார்கள். காஞ்சா அய்லய்யா மாதிகர்களை அடித்தள விஞ்ஞானிகள் என்று எழுதியபோது சிலர் சிரித்தார்கள். சுண்ணாம்புக் குழியில் ஒரு வாரம் நின்று பார்த்துவிட்டுச் சிரிக்கலாம்.

தோலோடு கதை முடியவில்லை. குளம்பையும் தோல் துண்டுகளையும் காய்ச்சினால் வச்சிரம், அது தச்சருக்குப் போகும் பசை. குடலை முறுக்கினால் நரம்பு, அது யாழுக்கும் போகும், பஞ்சு கொட்டுபவரின் வில்லுக்கும் போகும். கொம்பைச் சூடாக்கினால் இளகும், தட்டையாக்கிச் சீப்பும் கத்திப் பிடியும் பொடி டப்பியும் செய்யலாம். உத்தரப் பிரதேசத்தின் சம்பலில் கொம்பிலும் எலும்பிலும் சீப்பும் பொத்தானும் செய்யும் தொழில் இன்றும் நடக்கிறது. முழுத் தோலில் கொல்லருக்குத் துருத்தி. எண்ணெயும் நெய்யும் ஊற்றி வைக்கத் தோல் சித்தை. கொல்லர் உலை ஊதாமல் கொழு இல்லை, கொழு இல்லாமல் உழவு இல்லை. உழவர் பெருமையைப் பாடும் யாரும் துருத்தித் தோலைப் பாடியதில்லை.

பாசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பம்புசெட் வருவதற்கு முன் கொங்கு நாட்டுத் தோட்டங்கள் கவலையை நம்பியிருந்தன. தென்மாவட்டங்களில் கமலை என்பார்கள். இரண்டு எருது சரிவில் இறங்கும், கிணற்றிலிருந்து நீர் மேலே வரும். நீரை மொண்டு வந்தது தோலால் ஆன பறி. இரும்புச் சால் வந்த பிறகும் அதன் அடியில் நீர் இறங்கும் வால் தோலாகவே இருந்தது. அதைத் தைத்தவர்கள், கிழிந்தபோது ஓடிவந்து ஒட்டுப் போட்டவர்கள் அருந்ததியர்கள். வெயில் காலத்தில் பறி கிழிந்து இரண்டு நாள் கிடந்தால் பயிர் போய்விடும். ஆழக் கிணறு வெட்டிப் பொட்டல் காட்டைத் தோட்டமாக்கிய வீரக் கதைகள் அந்தப் பக்கம் ஏராளம். அந்தக் கதைகளில் ஊசி பிடித்தவர் கூலிக்குக்கூட வருவதில்லை. கூலியும் காசாக இல்லை, அறுவடையின்போது களத்தில் அளந்து போட்ட தானியம்தான். செத்த மாடு சேரிக்கு உரியது, அதற்கு ஈடாகச் செருப்பும் வாரும் பறியும் ஊருக்குச் செய்து தர வேண்டும் என்பது ஏற்பாடு. இதை உரிமை என்று சொல்வதா கட்டாயம் என்று சொல்வதா? மாட்டை எடுக்காமல் இருக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்பதால், கட்டாயம் என்பதே என் முடிவு.

அந்தத் தோலுக்கு உலகச் சந்தையில் விலை வந்தபோது இந்த ஏற்பாடும் ஆட்டம் கண்டது. 1840களில் சார்ல்ஸ் டி சூசா என்ற யூரேசியர் மொரீஷியசில் பழகிய முறைகளோடு புதுச்சேரியில் தோல் பதனிடத் தொடங்கினார் என்றும், சென்னை மாகாணத் தோல் ஏற்றுமதிக்கு அதுவே தொடக்கம் என்றும் சொல்லப்படுகிறது. ஆல்பிரெட் சாட்டர்டன் 1904இல் சென்னை மாகாணத் தோல் தொழிலைப் பற்றித் தனி நூல் எழுதினார். டி சூசா செய்தது மேம்பாடு, மறுக்கவில்லை. ஆனால் ஆவாரம்பட்டையை அவர் மொரீஷியசிலிருந்து கொண்டுவரவில்லை. பல நூறு ஆண்டு வேலைக்குப் பெயர் இல்லாமல் போனது, ஒருவரின் திருத்தத்துக்குப் பெயர் வந்தது.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல், பல்லாவரம் என்று தோல் ஷாப்புகள் எழுந்தன. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் குரோம் தோல் கம்பெனியால் வந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவப் பூட்சுகளுக்குச் சென்னைத் தோல் கப்பல் கப்பலாகப் போயிற்று. தோலுக்குக் காசு என்றதும் செத்த மாட்டின்மேல் எல்லாருக்கும் பாசம் வந்துவிட்டது. வட இந்தியாவில் நிலவுடைமையாளர்கள் தோலில் பங்கு கேட்டார்கள். தோலுக்காகச் சமார்கள் மாட்டுக்குப் பாஷாணம் வைத்துக் கொல்கிறார்கள் என்று 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் காவல்துறை ஒரு சாதியையே குற்றவாளியாக்கியது. இங்கே கைவினைஞர்களாக இருந்த நம் மக்கள் குழிக் கூலிகளானார்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆதிதிராவிடர்கள் பம்பாய்க்குப் போய்த் தாராவியின் தோல் ஷாப்புகளில் இறங்கினார்கள். சுண்ணாம்புக் குழியில் நகம் வெந்து, கால் புண்ணாகி நின்ற அந்த வாழ்க்கையை அறிய விரும்பும் மாணவர்கள் டி. செல்வராஜின் 'தோல்' நாவலைப் படிக்க வேண்டும். திண்டுக்கல் தொழிலாளர்களைப் பற்றியது, 2012இல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது அடிக்கல் நாட்டியவர் அன்றைய தொழில்துறை அமைச்சர் சியாமா பிரசாத் முகர்ஜி. இந்து மகாசபைத் தலைவராக இருந்தவர். தோல் அந்நியச் செலாவணி ஆகிவிட்டால் தீட்டு எங்கே போகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

இந்த இடத்தில்தான் நம் வரலாற்றின் பெரிய விவாதம் வருகிறது. காந்தி செத்த மாட்டுத் தோலை அகிம்சைத் தோல் என்று கண்டார். கொல்லாமல் கிடைத்த தோல், அதை அறிவியல் முறையில் சுத்தமாகப் பதனிட்டால் தொழிலும் உயரும், தொழிலாளியும் உயர்வார் என்பது அவர் வாதம். சபர்மதியிலும் வார்தாவிலும் அதற்கான முயற்சிகள் நடந்தன. அந்தத் தொழிலில் பிறந்தவர் அதை விட்டுப் போகலாமா என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டிலேயே செத்த மாட்டை இழுப்பதை விடுங்கள், அதன் இறைச்சியை விடுங்கள் என்று சொல்லிவிட்டார். இதனால் வருமானம் போகிறதே என்ற வாதத்துக்கு அவர் தந்த பதிலை 1956 அக்டோபர் 15இல் நாகபுரியில் நினைவுகூர்ந்தார். தோல், கொம்பு, குளம்பு, எலும்பு என்று கணக்குப் போட்டு, இந்தத் தொழிலை விட்டால் மகார்களுக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் நட்டம் என்று 'கேசரி'யில் எழுதினார்களாம். அவ்வளவு லாபமென்றால் நீங்களே எடுத்துச் செய்யுங்கள், என் கையிலிருந்து மேலும் 500 ரூபாய் தருகிறேன் என்று அம்பேத்கர் சொன்னார். யாரும் முன்வரவில்லை. கொம்புக்கும் குளம்புக்கும் விலை உண்டு என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த விலையில் மனிதனின் மானம் கழிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அவர் கணக்கு.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானில் புராக்குமின் என்று அழைக்கப்படும் மக்கள் செத்த மாட்டையும் குதிரையையும் எடுத்தார்கள், தோல் பதனிட்டார்கள், கோயில் பேரிகைகளைக் கட்டினார்கள், தனிச் சேரிகளில் ஒதுக்கப்பட்டார்கள். 1871இல் ஜப்பான் அரசு இரண்டு உத்தரவு போட்டது. முதல் உத்தரவு செத்த மாட்டின்மேல் அவர்களுக்கிருந்த தனியுரிமையை நீக்கியது. சில மாதம் கழித்து வந்த இரண்டாவது உத்தரவு சட்டத்தின் முன் அவர்களைச் சமமாக்கியது. சமத்துவம் காகிதத்தில் வருவதற்கு முன்பே பிழைப்பு கையைவிட்டுப் போயிற்று. 1922இல் கியோட்டோவில் அவர்கள் தொடங்கிய சமன்செய்வோர் சங்கத்தின் அறிக்கை, மிருகத்தின் தோலை உரித்ததற்குக் கூலியாக எங்கள் உயிர்த்தோல் உரிக்கப்பட்டது என்ற பொருளில் பேசுகிறது. ஆதனூரிலிருந்து கியோட்டோ வெகு தூரம், ஆனால் நந்தன் இதைக் கேட்டிருந்தால் விளக்கம் கேட்டிருக்கமாட்டார்.

தமிழ்நாட்டில் மறுப்பு பறை வழியாக வந்தது. அம்பேத்கர் நூற்றாண்டையொட்டிய ஆண்டுகளில் ஊர் ஊராக இளைஞர்கள் சாவுக்குப் பறையடிக்க மறுத்தார்கள், செத்த மாடு எடுக்க மறுத்தார்கள், சில இடங்களில் பறையைத் தெருவில் போட்டு எரித்தார்கள். பதிலுக்கு வேலை நிறுத்தப்பட்டது, கடையில் சாமான் மறுக்கப்பட்டது, பொதுக் கிணறு மூடப்பட்டது. அதே காலத்தில் மதுரை இறையியல் கல்லூரியின் தலித் கலைவிழா, திண்டுக்கல் சக்தி கலைக்குழு, பின்னர் புத்தர் கலைக்குழு என்று பறையை விடுதலைக் கருவியாக மேடை ஏற்றியவர்களும் வந்தார்கள். எரித்தவர்களும் அடித்தவர்களும் அன்று கடுமையாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். இன்று திரும்பிப் பார்த்தால், ஊர் கூப்பிட்டால் போக மாட்டோம் என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை. மறுத்தவர்கள் இல்லாமல் மேடையில் அடித்தவர்களுக்கு அந்த மரியாதை கிடைத்திருக்காது. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாம் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியில் பறையை எரித்தவர்களுக்கும் பங்கு உண்டு.

மிருதங்கத்தில் கதை வேறு மாதிரி. அதில் பசு, ஆடு, எருமை என மூன்று மிருகங்களின் தோல் இருக்கிறது. வலப்பக்கத்துக் கரும்பொட்டு கல்பொடியையும் சோற்றையும் பிசைந்து தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது. வாசிப்பவர்கள் பெரும்பாலும் பிராமணர், கட்டுபவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவர். பாலக்காடு மணி ஐயரின் நாதத்தில் பர்லாந்துவின் கைக்குப் பாதிப் பங்கு உண்டு. அதை டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலில் எழுதினார். செத்த மாட்டில் கிடைத்த தோல் என்ற சமாதானம்கூட இதில் செல்லாது, நல்ல நாதத்துக்கு அறுத்த மாட்டின் தோலைத்தான் பார்த்து எடுக்கிறார்கள் என்பதையும் எழுதினார். 2020 பிப்ரவரியில் நூல் வெளியிட இருந்த நேரத்தில் கலாக்ஷேத்ரா கொடுத்திருந்த அரங்க அனுமதியைத் திரும்பப் பெற்றது. வெளியீடு ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. பறைத்துடவைக் காலத்திலிருந்து அதிகம் மாறவில்லை. மிருதங்கம் உள்ளே போகலாம், அதன் தோலைப் பற்றிய பேச்சு போகக் கூடாது.

2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த பசுவை உரித்த தலித் இளைஞர்களைச் சட்டையைக் கழற்றி வண்டியில் கட்டி அடித்ததை நீங்கள் எல்லாரும் காணொளியில் பார்த்தீர்கள். 2002இல் அரியானாவின் துலினாவில் தோல் எடுத்துச் சென்ற ஐந்து தலித்துகள் அடித்தே கொல்லப்பட்டார்கள். பல நூறு ஆண்டுகள் எடுத்தே ஆக வேண்டும் என்று அடித்தவர்கள், இப்போது எடுத்ததற்காக அடிக்கிறார்கள். ஊனாவுக்குப் பிறகு சுரேந்திரநகரில் மாட்டுச் சடலங்களை ஆட்சியர் அலுவலகத்தின் முன் கொண்டுவந்து போட்டார்கள். பசு உங்கள் தாய் என்றால் நீங்களே அடக்கம் செய்யுங்கள் என்றார்கள். ஆகஸ்ட் 15 பேரணியில், பசுவின் வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு நிலம் கொடுங்கள் என்று முழங்கினார்கள். அம்பேத்கர் கேசரிக்காரர்களுக்குச் சொன்ன பதிலின் தொடர்ச்சிதான் அது. ஆனால் இந்த முறை மாற்றாக என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள், குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர்.

இன்று பறைப் பயிற்சி முகாம் இல்லாத ஊர் இல்லை. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் சனி ஞாயிறுகளில் கற்றுக்கொள்கிறார்கள், அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களில் அடிக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் கையில் இருப்பவற்றில் பல இரும்பு வளையத்தில் பிளாஸ்டிக் தாள் பூட்டிய பறை. மழைக்குத் தொய்யாது, தீ வேண்டாம், விமானத்தில் ஏற்றலாம், நாற்றம் இல்லை. தோல் கிடைப்பதும் கடினமாகிவிட்டது. 2017இல் மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளைக் கொண்டுவந்தது. நீதிமன்றம் தடை விதித்தாலும், மாடு ஏற்றிய வண்டியை வழிமறிக்கிறவர்கள் நீதிமன்றத் தீர்ப்பைப் படித்துவிட்டு வருவதில்லை. பிளாஸ்டிக் பறையை நான் குறை சொல்லவில்லை. தோல் கட்டுபவரின் மகன் வேறு வேலைக்குப் போயிருந்தால் அது நல்ல செய்திதான். அவர் போகக் கூடாது, பாரம்பரியம் அழிந்துவிடும் என்று கண்ணீர் விடுகிறவர்களிடம் அம்பேத்கரின் 500 ரூபாயை நீட்டலாம்.

ஆனால் அவர் தந்தைக்குத் தெரிந்தது எழுதப்படாமல் போவதற்கு நாம் காரணமாக இருக்க வேண்டாம். இங்கே ஆய்வு மாணவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் ஊரில் பறி தைத்தவர், கமலை வால் ஒட்டியவர், பறை கட்டியவர் யாராவது உயிரோடு இருந்தால் எண்பது வயதைத் தாண்டியிருப்பார். அவரிடம் போய் இழிவைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவர் சலித்திருப்பார். ஆவாரம்பட்டையை எந்த மாதம் உரிப்பீர்கள், சுண்ணாம்பு எத்தனை நாள், எந்த இடத்துத் தோல் எதற்கு, ஊசியை யார் அடித்துக் கொடுத்தார், களத்தில் எத்தனை மரக்கால் அளந்தார்கள், தகராறு வந்தால் யார் பக்கம் தீர்ப்பானது, இதையெல்லாம் கேளுங்கள். வீட்டுப் பெண்களைத் தனியாகக் கேளுங்கள். எங்கள் வீட்டில் பட்டை இடித்தவரும் தோலைக் கழுவிக் காயப்போட்டவரும் பாட்டிதான், கட்டியவர் என்று பெயர் வாங்கியவர் தாத்தா. மத்தளத்துக்கும் தவிலுக்கும் தோல் யாரிடம் வாங்கினார்கள், என்ன கொடுத்தார்கள் என்பது கோயில் வரவு செலவுக் கணக்குகளில் இருக்கும். அந்த ஏடுகளைப் புரட்டுங்கள், நந்தன் கொடுத்த பட்டியல் எந்த ஆண்டுவரை நீள்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.